‘மரண டேஸ்ட்’டும் அப்பம்மாவின் மனவருத்தமும்

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் மாமியுடன் ஒரே வீட்டில் இருக்கிறோம். போன மாதம் மாமி ஒடியல் கூழ் காய்ச்சினா. இவன் இரண்டாம் கோப்பையும் குடித்துவிட்டு, “அப்பம்மா, உந்தக் கூழ் மரண டேஸ்ட்!” என்றான். மாமா மோசம்போய் இன்னும் ஆண்டுத் திவசம் வரவில்லை. மாமி ஒன்றும் சொல்லாமல் எழும்பி உள்ளே போனா. இரவு சாப்பிடவும் இல்லை. “நல்லாயிருக்கு எண்டுதானே சொன்னனான்” என்று இவன் அழாக்குறை. வீட்டில் நாள் முழுக்க செம, மொக்கை, வேற லெவல், சிக்ஸ் செவன் என்றுதான் பேச்சு. சொல்லுக்கும் பொருளுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இந்தப் பொருளையெல்லாம் யார் கொடுத்தது? இப்படியே போனால் எங்கள் யாழ்ப்பாணத் தமிழ் என்னவாகும்? தடை போடலாமா? அடுத்த வருடம் ஓ.எல். (சாதாரண தர) பரீட்சை எடுக்கப்போகிறவன், கட்டுரையிலும் இப்படி எழுதிவிடுவானோ என்றும் பயமாக இருக்கிறது.
(ஒரு தாய், திருநெல்வேலி)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் சொன்ன ‘மரண’வில் சாவு இல்லை. மாமி கேட்ட ‘மரண’த்தில் சாவு மட்டுமே இருந்தது. ஒரே சொல், ஒரே குசினி, ஒரே நேரம், ஆனால் இரண்டு பொருள். இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல ஒரு அகராதியாலும் முடியாது. இரண்டும் உண்மையான பொருள்கள்தான், ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதை அப்படிப் புழங்குகிற மனிதர்கள் இருக்கிறார்கள். ஒரு சொல்லின் பொருள் அதன் எழுத்துக்களுக்குள் அடங்கிக் கிடப்பதில்லை. அதை யார் யாரோடு சேர்ந்து சொல்லிப் பழகினார்கள் என்பதில்தான் இருக்கிறது. நீங்கள் கேட்டிருப்பது எல்லாவற்றுக்கும் என் பதில் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

முதலில் மாமியின் பக்கம். வானொலியில் ‘மரண அறிவித்தல்’ என்ற குரல் கேட்டதும் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டுக் காது கொடுத்த தலைமுறை அவருடையது. யார், எந்த ஊர், யாருடைய தகப்பன், எந்தச் சுடலை என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டவர்கள். அவர்களுக்கு ‘மரணம்’ என்பது சாதாரண பேச்சில் வருகிற சொல் அல்ல. வீட்டில் ஒருவர் இறந்தால்கூட ‘செத்துப்போனார்’ என்று வாயால் சொல்லமாட்டார்கள். உங்கள் கடிதத்தையே பாருங்கள், மாமா ‘மோசம்போய்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டு வாசகர் ஒருவர் இதைப் படித்தால் மாமாவை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைப்பார். அங்கே மோசம்போதல் என்றால் ஏமாந்துபோதல். இங்கே அது இறப்பு. ‘மோசம்’, ‘போதல்’ என்ற இரண்டையும் எவ்வளவு பிரித்துப் பார்த்தாலும் அந்த இறப்பு வெளியே வராது. சாவைச் சாவென்று சொல்லக் கூசிய மனிதர்கள் சுற்றிவளைத்துப் போட்ட பாதை அது. சொல்லுக்கும் பொருளுக்கும் தொடர்பில்லை என்று மகனுடைய பேச்சைப் பற்றி நீங்கள் குறைப்பட்டதற்கு, உங்கள் பேச்சிலும் என் பேச்சிலும் இப்படி நிறைய உதாரணம் உண்டு.

இப்போது மகனின் பக்கம். ‘மிகவும்’ என்பதை அழுத்திச் சொல்கிற சொற்களுக்கு ஒரு பிரச்சினை இருக்கிறது. அவை சீக்கிரம் தேய்ந்துவிடும். ‘நல்ல ருசி’ என்று எல்லாரும் எல்லாவற்றுக்கும் சொல்லத் தொடங்கியதும் அதில் அழுத்தம் இல்லாமல் போகிறது. உறைப்புக்குப் பழகிய நாக்கு இன்னும் கொஞ்சம் மிளகாய்த்தூள் கேட்பதுபோல, பேசுகிறவர்கள் அடுத்த பலமான சொல்லைத் தேடுகிறார்கள். எல்லாவற்றிலும் பலமானவை எங்கே கிடைக்கும்? பயத்திலும் பேயிலும் கொலையிலும் சாவிலும்தான். ‘பயங்கர சந்தோஷம்’ என்கிறோம், அந்தச் சந்தோஷத்தில் பயமில்லை. ‘பேய் மழை’ என்கிறோம், பேய் இல்லை. ‘கொள்ளை அழகு’ என்கிறபோது ஒன்றும் களவு போவதில்லை. ‘சிரிச்சுச் செத்தன்’ என்று சொல்பவர் உயிரோடுதான் இருக்கிறார். மாமியே ஐப்பசியில் ‘பேய் மழை’ என்று எத்தனையோ தரம் சொல்லியிருப்பா.

‘மரண’ என்பதும் இதே வழியில்தான் வந்திருக்கிறது. ‘மரண அடி’ என்றால் சாகிற அளவுக்கு விழுந்த அடி. அதில் சாவு கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. ‘மரண பயம்’ என்றாலும் அப்படித்தான். பிறகு ‘மரண கலாய்’ என்கிறார்கள், அதாவது தாங்கமுடியாத கேலி. இங்கே ‘தாங்கமுடியாத’ என்ற அளவு மட்டும் மிஞ்சுகிறது, சாவு கழன்றுவிட்டது. அதற்கடுத்த படியில் அந்த அளவுச் சொல் எதனோடும் ஒட்டலாம் என்றாகிறது. ருசியோடும் ஒட்டுகிறது. ஒவ்வொரு படியும் சின்னது. முதல் படியையும் கடைசிப் படியையும் மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்குத்தான் அதிர்ச்சி. மகன் கடைசிப் படியில் பிறந்தவன், மாமி முதல் படியில் இருக்கிறா.

பேய் என்றதும் எங்கள் ஊர்ச் சொல் இரண்டு நினைவுக்கு வருகிறது. ‘பேயன்’ என்றால் யாழ்ப்பாணத்தில் மடையன். ‘பேய்க்காய்’ என்றால் படு கெட்டிக்காரன், கொஞ்சம் சுழியன். “உவன் பேய்க்காய், உவனிட்டை கவனம்” என்போம். ஒரே பேயிலிருந்து ஒரு பக்கம் மடத்தனமும் மறுபக்கம் சாமர்த்தியமும் கிளைத்திருக்கின்றன. பேய்க்கும் காய்க்கும் என்ன சம்பந்தம், இரண்டையும் சேர்த்தால் எப்படிக் கெட்டிக்காரன் ஆகிறான் என்று எங்களில் யாரும் ஒருநாளும் யோசித்ததில்லை, யோசிக்கத் தேவையும் வரவில்லை. நாங்கள் அந்தச் சொல்லைப் பிரித்துக் கற்றுக்கொள்ளவில்லை. யாரோ ஒருவர் யாரையோ பார்த்து, கண்ணைக் கொஞ்சம் சுருக்கி, அந்தக் குரலில் சொன்னபோது முழுதாகப் பிடித்துக்கொண்டோம்.

பொருள் எப்படிப் பிறக்கிறது என்று வகுப்பில் விளக்க நான் அதிகம் எடுப்பது ‘அந்த மாதிரி’ என்ற தொடரைத்தான். அதில் ஒரு பொருளும் இல்லை. ‘அந்த’ என்பது எதையோ சுட்டுகிறது, ‘மாதிரி’ என்பது எதையோ ஒப்பிடுகிறது. எது என்று சொல்லவே இல்லை, முழுக்கக் காலி இடம். ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒருவர் “சாப்பாடு அந்த மாதிரி” என்றால் பிரமாதம் என்று பொருள். “கச்சேரி எப்படி?” “அந்த மாதிரி!” அவ்வளவுதான், மேலே கேள்வி இல்லை. இதையே சென்னையில் போய் “படம் அந்த மாதிரி” என்று சொல்லிப் பாருங்கள், கேட்டவர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். அங்கே ‘அந்த மாதிரிப் படம்’ என்றால் வயதுவந்தவர்கள் ஒளித்துப் பார்க்கிற படம். இரண்டு ஊரிலும் நடந்த வேலை ஒன்றுதான். சொல்ல வந்ததை நடுவில் விழுங்கிவிட்டு, ‘உனக்கே தெரியும்’ என்று கேட்பவரிடம் விட்டார்கள். கேட்பவர் அந்தக் காலி இடத்தை நிரப்பினார். இங்கே ‘சொல்லி முடியாத அளவு நல்லது’ என்று நிரப்பினார்கள், அங்கே ‘வாய்விட்டுச் சொல்லக்கூடாதது’ என்று நிரப்பினார்கள். சொல்லாமல் விட்டதற்கு இரண்டு காரணம் இருக்கலாம் அல்லவா? அந்த இரண்டும் இரண்டு ஊரில் நிலைத்துவிட்டன. நீங்கள் ‘யார் கொடுத்தது’ என்று கேட்டீர்கள். பொருளைக் கொடுப்பவர் பேசுகிறவர் மட்டும் அல்லர். அதைச் சரியாக நிரப்பி, தலையாட்டி, அடுத்த நாள் தானும் அதே மாதிரிச் சொன்ன கேட்பவருக்கும் பாதிப் பங்கு உண்டு.

தலையாட்டி என்று எழுதும்போதே வேறொன்று ஞாபகம் வருகிறது. தஞ்சாவூரில் ‘தலையாட்டி’ என்றால் பொம்மை. இங்கே இராணுவச் சுற்றிவளைப்புக் காலத்தில் முகத்தை மூடிக்கொண்டு வந்து, வரிசையில் நிறுத்தப்பட்டவர்களைப் பார்த்துத் தலையசைத்துக் காட்டிக்கொடுத்தவர்களுக்கு மக்கள் வைத்த பெயர் அது. அந்த வரிசையில் நின்றவர்களுக்கு அந்தச் சொல் இன்றும் வெறும் சொல் அல்ல. ‘பெடியள்’ என்ற சாதாரண சொல்லும் ஒரு காலத்தில் இந்த மண்ணில் ஆயுதம் எடுத்த இளைஞர்களைக் குறித்தது. இப்போது திரும்பவும் பந்தடிக்கிற பெடியள், ரியூசனுக்குப் போகிற பெடியள் என்று வந்துவிட்டது. ஒரு சமூகம் எதைக் கடந்து வந்ததோ அது சொல்லுக்குள் போய் இருக்கும். பின்னால் வருகிற பிள்ளைக்கு அது தெரியாது, தெரியாததில் பிள்ளையின் பிழையும் இல்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியது பெரியவர்கள்.

சரி, பிள்ளைகள் ஏன் தங்களுக்கென்று தனியாகச் சொல் வைத்துக்கொள்கிறார்கள்? இது கைபேசி வந்தபிறகு வந்த பழக்கம் அல்ல. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டளவிலேயே இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்: குழூஉக்குறி. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் விளங்க வைத்துக்கொள்கிற சொல். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பார்கள், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பார்கள் என்று உதாரணம் காட்டுவார்கள். சொல்விளம்பி! குடித்தவன் வாயிலிருந்து உள்ளதெல்லாம் வந்துவிடும் என்பதை எவ்வளவு சுருக்கமாகப் பிடித்திருக்கிறார்கள். இன்றைய பெடியன் ஒருவன் அதைச் சொல்லியிருந்தால் நாங்கள் கண்டித்திருப்போம். நன்னூலார் கண்டிக்கவில்லை. இடக்கரடக்கல் (சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது), மங்கலம் ஆகியவற்றோடு சேர்த்துத் ‘தகுதி வழக்கு’ என்று இலக்கணத்துக்குள் இடம் கொடுத்தார். செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம், உங்களுடைய ‘மோசம்போதல்’ அந்த வீட்டுப் பிள்ளை. மகனுடைய ‘மரண டேஸ்ட்’ குழூஉக்குறி. ஒரே சூத்திரத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் உங்கள் குசினியில் முட்டிக்கொண்டார்கள். இந்த நன்னூலுக்குக் காண்டிகையுரை எழுதியவர் எங்கள் நல்லூர் ஆறுமுக நாவலர் என்பதையும் மகனிடம் சொல்லுங்கள்.

குழூஉக்குறிக்கு இரண்டு வேலை. வெளியில் இருப்பவருக்கு மறைப்பது ஒன்று, உள்ளே இருப்பவரை ஒன்றாக்குவது மற்றது. பிள்ளைகளின் பேச்சில் மறைப்பதைவிட ஒன்றாகுவதுதான் பெரிது. அதன் உச்சம்தான் நீங்கள் கேட்ட ‘சிக்ஸ் செவன்’. அமெரிக்க ராப் பாட்டு ஒன்றிலிருந்து கிளம்பி, குறுங்காணொளிகள் வழியாகப் பரவியது. இரண்டு உள்ளங்கையையும் மேலே பார்க்க வைத்து எடை பார்ப்பதுபோல ஏற்றி இறக்குவார்கள். டிக்‌ஷனரி.காம் 2025ஆம் ஆண்டின் சொல்லாக அதைத்தான் தெரிவுசெய்தது. அதற்கு என்ன பொருள்? நிலையான பொருள் எதுவும் இல்லை. நீங்கள் மகனிடம் கேட்டால் சிரிப்பான். உங்களுக்கு மறைக்கிறான் என்று நினைக்கவேண்டாம், சொல்ல அவனிடமும் ஒன்றும் இல்லை. ‘இதைக் கேட்டதும் சிரிக்கிற கூட்டத்தில் நானும் ஒருவன்’ என்பது மட்டும்தான் அதன் செய்தி.

இதோடு ‘ஃபோர் டுவெண்டி’யை ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவும் எண்தான். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் மோசடிக்கான பிரிவு 420, அதிலிருந்து ஏமாற்றுக்காரனுக்கு அந்தப் பெயர் வந்தது. இலங்கைச் சட்டத்தில் மோசடிக்கான பிரிவு எண் வேறு, இருந்தும் படங்கள் வழியாக அந்த எண் இங்கேயும் வந்துவிட்டது. 2024 யூலை 1இல் இந்தியாவில் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டுப் புதிய சட்டம் கொண்டுவந்தார்கள். மோசடி இப்போது 318ஆம் பிரிவு. அதற்காக யாரும் ஏமாற்றுக்காரனை ‘மூன்று பதினெட்டு’ என்று கூப்பிடப்போவதில்லை. வேர் வெட்டுப்பட்ட பிறகும் சொல் நிற்கிறது, ஏனென்றால் அதைத் தாங்குவது வேர் அல்ல, பேசுகிற வாய்கள்.

அதனால்தான் சொற்பிறப்புக் கதைகளில் கவனமாக இருக்கச் சொல்வேன். இப்போது வாட்ஸ்அப்பில் நாளுக்கொன்று வருகிறது. ‘காக்காய் பிடித்தல்’ என்பது ‘கால் கை பிடித்தல்’ என்பதிலிருந்து வந்தது என்று எல்லாரும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கதை நன்றாக இருப்பது சான்று ஆகாது. பழைய எழுத்தில் எந்த வடிவம் எப்போது வந்தது என்று தேடிக் காட்டவேண்டும். அப்படித் தேடிக் காட்டிய ஒரு வேலை உலகப் பிரசித்தமான ‘ஓகே’யைப் பற்றியது. அதற்கும் எத்தனையோ கதைகள் உலவின. அலன் வாக்கர் ரீட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960களில் பழைய பத்திரிகைகளைத் துருவி, 1839 மார்ச்சில் பொஸ்ரன் நகரப் பத்திரிகை ஒன்றில் அது இருப்பதைக் காட்டினார். ‘ஓல் கரெக்ட்’ என்பதை வேண்டுமென்றே எழுத்துப்பிழையோடு எழுதி, அதன் முதலெழுத்துக்களை எடுத்த பகிடி அது. அந்தக் காலத்துப் பொஸ்ரன் இளைஞர்களின் சிக்ஸ் செவன் என்றே சொல்லலாம். கூட வந்த மற்றப் பகிடிச் சுருக்கங்கள் ஏறக்குறைய எல்லாம் மறைந்துபோக, இது ஒன்று உலகம் முழுக்கப் போய்விட்டது. எது நிற்கும், எது போகும் என்று பிறக்கும்போதே யாராலும் சொல்லமுடியாது. பெரும்பாலானவை போய்விடும்.

எப்படிப் போகின்றன என்பதற்கு ‘மொக்கை’யின் முன்னோர்களைப் பாருங்கள். தமிழ்நாட்டில் சலிப்பூட்டுகிறவரை ஒரு காலத்தில் ‘அறுவை’ என்றார்கள், அறுக்கிறார் என்றார்கள். அந்த ஒரு படம் மனதில் விழுந்ததும் அதைச் சுற்றிக் கருவிகளெல்லாம் வந்தன: ரம்பம் வந்தது, பிளேடு வந்தது. பின்னர் ‘கடி’, அப்புறம் ‘மொக்கை’. மொக்கை என்றால் கூர் மழுங்கியது. கூரான கத்தியால் அறுப்பதைவிட மழுங்கியதால் அறுப்பது கொடுமை அல்லவா! ஒவ்வொரு தலைமுறையும் தகப்பன் சொன்ன சொல்லை விட்டுவிட்டு, அதே படத்துக்குள் புதியது தேடுகிறது. எங்களுக்கும் ‘அறுக்கிறான்’ உண்டு, ‘அலட்டுறான்’ உண்டு. உங்கள் மகனின் பிள்ளைகள் ‘மொக்கை’ என்று சொல்லமாட்டார்கள், அது அப்பா காலத்துச் சொல்லாகியிருக்கும்.

இனி உங்கள் பெரிய பயத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணத் தமிழ் என்னவாகும்? நீங்கள் மகனைப் பற்றி முறைப்பட எழுதிய அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பப் படித்தேன். “அப்பம்மா, உந்தக் கூழ் மரண டேஸ்ட்.” நீங்கள் ‘மரண’த்தில் நின்றுவிட்டீர்கள், நான் ‘உந்த’வில் நின்றேன். “அ இ உ அம்மூன்றும் சுட்டு” என்கிறது தொல்காப்பியம். இது எனக்குப் பக்கத்தில் இருப்பது, அது தூரத்தில் இருப்பது, உது உனக்குப் பக்கத்தில் இருப்பது. தமிழ்நாட்டுப் பேச்சில் இந்த உகரச் சுட்டு போய்விட்டது. எங்கள் பேச்சில் உது, உவன், உங்கை, உந்த என்று இன்னும் உயிரோடு இருக்கிறது. கூழ்ப்பானை அப்பம்மாவின் பக்கத்தில் இருந்திருக்கும். அவன் ‘இந்தக் கூழ்’ என்றோ ‘அந்தக் கூழ்’ என்றோ சொல்லவில்லை. யோசிக்காமல், மிகச் சரியாக, ‘உந்தக் கூழ்’ என்றான். சினிமாச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் வந்து உட்கார்ந்த அதே வாக்கியத்தின் எலும்பு தொல்காப்பியர் சொன்ன தமிழாகவே இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு வந்த புளுகத்தைச் சொல்லி முடியாது.

பெயர்ச் சொற்களும் வியப்புச் சொற்களும் வந்து போகிறவை. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்தார்கள், 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். கதிரை, அலுமாரி, யன்னல், பாண், குசினி, சப்பாத்து எல்லாம் முன்னவர்கள் விட்டுப்போனவை. கந்தோர், லாச்சி, கக்கூசு ஆகியவை பின்னவர்களுடையவை. இன்று இவற்றை நீக்கிவிட்டு யாழ்ப்பாணத் தமிழ் பேசிப் பாருங்கள், அது யாழ்ப்பாணத் தமிழாகவே கேட்காது. ஆகவே ‘செம’ வந்ததால் மொழி போய்விடாது.

ஆனால் கவலைப்பட ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கவலை வேறு இடத்தில் இருக்கிறது. ‘கதைக்கிறது’ என்ற இடத்தில் ‘பேசுறது’ என்று சொல்கிற பிள்ளைகளை இப்போது நிறையக் கேட்கிறேன். எங்களுக்குப் பேச்சு வாங்குதல் என்றால் ஏச்சு வாங்குதல். “ரீச்சர் பேசினவ” என்றால் கண்டித்தா என்று அர்த்தம். நாளுக்குப் பத்துத் தரம் சொல்கிற இப்படியான வினைச்சொல் மாறுவதும், பேந்து, கெதியா, வடிவாச் சொல்லு, ஆறுதலாப் போ போன்றவை மெல்ல விலகுவதும்தான் கவனிக்க வேண்டியது. அவை போவதற்குக் காரணம் புதிய சொற்கள் வருவதல்ல. அவற்றைச் சொல்கிற ஆட்களோடு பிள்ளைகள் இருந்து கதைக்கிற நேரம் குறைவதுதான். வீட்டில் அப்பம்மா இருக்கிற பிள்ளை கொடுத்துவைத்தவன். அதனால் மாமிக்கும் அவனுக்கும் இடையில் இப்போது விழுந்திருக்கிற மௌனம் எனக்கு ‘மரண டேஸ்ட்’டைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஆகவே முதலில் அதைச் சரிப்படுத்துங்கள். மகனை மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். கெட்ட சொல் சொன்னான் என்பதற்காக அல்ல, அப்பப்பாவை இழந்த வீட்டில் அப்பம்மாவின் காதில் அது எப்படி விழும் என்று யோசிக்கவில்லை என்பதற்காக. இந்த வேறுபாட்டை அவனுக்கு விளங்கப்படுத்தினால் அவன் மனமொத்துக் கேட்பான். ‘உன் சொல்லே தவறு’ என்றால் கேட்கமாட்டான், ஏனென்றால் அவனுக்குத் தெரியும் அது தவறில்லை என்று. மாமியிடம் நீங்கள் போய், அவன் ‘பேய் மழை’ மாதிரித்தான் சொன்னவன் என்று சொல்லுங்கள். மாமிக்கு உடனே விளங்கும். பிறகு இருவரையும் இருத்தி, சாப்பாடு நன்றாக இருந்தால் அந்தக் காலத்தில் என்ன சொல்வீர்கள் என்று மாமியிடம் அவனையே கேட்கச் சொல்லுங்கள். ‘திறம்’ என்று சொல்லுவா, ‘சோக்கு’ என்று சொல்லுவா. “கூழ் திறம் அப்பம்மா” என்று அவன் ஒருநாள் சொன்னால் மாமிக்கு எப்படி இருக்கும்!

தடை போடவேண்டாம். தடைபோட்ட சொல்லுக்குக் கூட்டத்துக்குள் மதிப்புக் கூடும். அவனோடு நெருங்குவதற்காக நீங்களும் ‘செம’ என்று தொடங்கவும் வேண்டாம், அது அவனுடைய இடம். பொருள் கேளுங்கள், அவன் விளக்கட்டும். ஒன்றில் மட்டும் உறுதியாக நில்லுங்கள். ஆளைக் குறிக்கிற சொற்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். பெண்பிள்ளையைச் ‘சரக்கு’ என்பது, ஒருவரின் சாதிப் பெயரையோ உடற்குறையையோ எடுத்து வசையாக்குவது, இவற்றுக்கு ‘சும்மா சொன்னனான்’ என்ற சமாதானம் செல்லாது. ‘மரண’வில் சாவு கழன்றுவிட்டது. ‘சரக்கு’வில் விலைபேசுகிற பார்வை கழலவில்லை, அந்தப் பார்வைக்காகத்தான் அதைச் சொல்கிறார்கள். ‘விசர்’ நாங்கள் எல்லாரும் செல்லமாகவும் சொல்கிற சொல். இருந்தாலும் மனநோயோடு ஒருவர் இருக்கிற வீட்டில் அதைச் சொல்வதற்கு முன் வாயை நிறுத்தத் தெரியவேண்டும். குறிக்கப்படுகிற ஆள் அந்த இடத்தில் நின்றால் தன் வாயில் அது வருமா என்று அவன் தன்னையே கேட்கப் பழகட்டும்.

அவனுக்கு விருப்பம் இருந்தால் ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். மாமி சொல்கிற சொல் ஒரு பக்கம், தானும் நண்பர்களும் சொல்கிறது மறு பக்கம். யார், யாரிடம், எப்போது சொன்னார்கள் என்றும் எழுதவேண்டும், அதுதான் முக்கியம். இந்த ஊருக்கு அகராதி வேலை புதிதல்ல. சந்திரசேகர பண்டிதரின் மானிப்பாய் அகராதி 1842இல் இங்கேதான் அச்சானது. பேச்சு வழக்கை ஆராய்ந்தவர்களுக்கும் குறைவில்லை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்த சு. சுசீந்திரராசா போன்றவர்கள் எங்கள் பேச்சை மொழியியல் கண்ணோடு பார்த்து எழுதியிருக்கிறார்கள். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இலங்கை வழக்கைத் தனியாகக் குறித்துக் காட்டுகிறது. அதை நூலகத்தில் எடுத்து, மாமியின் சொற்கள் எத்தனை அதில் இருக்கின்றன என்று அவன் பார்க்கட்டும்.

கடைசியாக ஓ.எல். கட்டுரை. அதில் ‘செம’வும் ‘வேற லெவல்’உம் எழுதக்கூடாது, புள்ளி போகும். அங்கே வாசிக்கப்போகிறவர் அவனுடைய கூட்டத்தில் இல்லாத ஒரு ஆசிரியர், எழுத்துத் தமிழை எதிர்பார்க்கிறவர். இதை அவனுக்குப் பயமுறுத்தாமல் சொன்னாலே போதும், பிள்ளைகள் இந்த மாற்றத்தை நாங்கள் நினைப்பதைவிட நன்றாகச் செய்வார்கள். வீட்டில் ‘எண்டு’ என்று சொல்கிற பிள்ளை கொப்பியில் ‘என்று’ எழுதுகிறதுதானே. சிறுகதையோ உரையாடலோ எழுதச் சொல்லிக் கேள்வி வந்தால் கதாபாத்திரத்தின் வாயில் பேச்சுச் சொல் வரலாம், மேற்கோள் குறிக்குள் போடவேண்டும். அதிலும் ஐயம் இருந்தால் வகுப்புத் தமிழாசிரியரிடம் இப்போதே ஒரு மாதிரிக் கட்டுரையைக் காட்டித் திருத்தி வாங்கச் சொல்லுங்கள்.